எண்ணும்மையும் எண்ணப்படாத பிள்ளையும்

கொலன்னாவையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்று நோக்கினால் எண்ணெய்த் தாங்கிகளின் வட்ட முகடுகள் தெரியும். அவற்றுக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத தூரத்தில், களனி கங்கை கடலை நாடிச் செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அந்த ஆற்றைப் பற்றி நாங்கள் நினைப்பதே இல்லை. ஆயின் 2016ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில், பின்னர் ரோனு என்னும் புயலாக வளர்ந்த தாழமுக்கம் நாடெங்கும் மழையைக் கொட்டியபோது, அவ்வாறு தன் எல்லையைத் தானே மாற்றி வரைந்துகொண்டது. சேதவத்தையும் வெல்லம்பிட்டியும் கொலன்னாவையின் தாழ்ந்த ஒழுங்கைகளும் நீருள் அமிழ்ந்தன. மக்கள் சட்டி பானைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் விகாரைகளுக்கும் கோயில்களுக்கும் வந்து சேர்ந்தனர். எங்கள் வீதி சற்று மேடானது; நீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. நான் அப்பொழுது பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்றுகொண்டிருந்தேன். விரிவுரைகள் நடைபெறவில்லை. அயலில் ஒரு பாடசாலையில் இயங்கிய நலன்புரி நிலையத்தில் உதவச் சென்றேன்.

அங்கே எனக்கு நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத எண்ணுகின்றேன். அது கணினிப் பிழை. ஆயினும் அதன் விளைவு ஒரு கைக்குழந்தையின் பசி.

நிலையத்தில் குடும்பத்திற்கு ஒரு படிவம் நிரப்பப்பட்டது. படிவத்தின் நடுவே வரிசையாக ஆறு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பத்தவர் ஒருவரின் வயதை எழுதுதல் வேண்டும். ஒரு வயது நிரம்பாத பிள்ளையாயின் பூச்சியம் என எழுதும்படி சொல்லப்பட்டிருந்தது. ஏன் ஆறு கட்டங்கள் என்று யாரும் கேட்கவில்லை. தாளின் அகலம் ஆறுக்கே இடந்தந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்குமென நான் எண்ணவில்லை. மாலையில் படிவங்கள் என்னிடம் வரும். அவற்றைக் கணினியில் ஏற்றி, எந்தக் குடும்பத்திற்கு எவ்வளவு அரிசி, எந்தக் குடும்பத்திற்குக் குழந்தைப் பால்மா என்று பட்டியல் அச்சிட்டுக் கொடுப்பது என் வேலை.

அத்தவணை நாங்கள் சார்பு நிரலாக்கம் பயின்றோம். கணிதத்தில் சார்பு என்று நாம் பாடசாலையிலேயே கற்றதுதான் அதன் அடிப்படை: சில பொருள்களை உள்ளே இட்டால் ஒரு விடை வெளியே வரும், இடையில் வேறெதுவும் மாறாது. இடப்படும் பொருள்களை இங்கு உள்ளீடுகள் என்கின்றேன். எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட மொழி ஸ்கீம். அது மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1975ஆம் ஆண்டு சுஸ்மன், ஸ்டீல் என்னும் இருவர் ஆக்கியது. அதற்கும் மூத்தது மக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப். புதிதாகக் கற்ற வித்தையைப் பயன்படுத்தும் ஆவல் இளைஞருக்கு இயல்பு. விரிதாள் ஒன்றிலேயே முடிந்திருக்கக்கூடிய வேலையை நான் ஸ்கீமில் செய்யத் துணிந்தேன். ஆறு கட்டங்கள் இருந்தமையால், ஆறு உள்ளீடுகளைக் கொள்ளும் இரு சார்புகளை எழுதினேன். ஒன்று ஆறு வயதுகளைப் பெற்று மொத்த அரிசிப் பங்கைக் கூறும். மற்றையது ஆறு வயதுகளைப் பெற்று அவற்றுள் மிகச் சிறியதைக் கூறும். அது ஒன்றிலும் குறைந்தால் அக்குடும்பத்தின் பெயருக்கு நேரே பால்மா என்று அச்சாகும்.

முதற் படிவத்தில் நால்வரே இருந்தனர். நான்கு வயதுகளை இட்டதும், ஆறு உள்ளீடுகள் வேண்டப்பட்டன, நான்கே தரப்பட்டுள்ளன என்று கணினி முறையிட்டது. அம்முறைப்பாட்டை நான் மதித்திருக்க வேண்டும். மதிக்கவில்லை. வெற்றுக் கட்டங்களில் பூச்சியத்தை இட்டு நிரப்பினேன். அரிசிக் கணக்கு மிகச் சரியாக வந்தது. பூச்சிய வயதுக்கு அரிசி இல்லை. ஆகவே இல்லாத ஆளுக்கும் அரிசி இல்லை. பத்துப் படிவங்களைக் கையாற் கூட்டிப் பார்த்தேன். ஒரு பிடி அரிசிகூடப் பிசகவில்லை. அந்தத் திருப்தியில் இரண்டாவது சார்பை நான் சோதிக்கவே இல்லை.

மறுநாட் காலை பொதிகள் வழங்கப்பட்டன. பால்மாப் பெட்டிகள் நண்பகலுக்கு முன்னரே தீர்ந்துபோயின. வெள்ளத்தில் வந்தவர்களுள் குழந்தைகள் மிகுதி போலும் என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். பிற்பகலில் முதிய பெண்ணொருவர் என் மேசைக்கு வந்து ஒரு பெட்டியை வைத்தார்.

“தம்பி, எங்க வூட்டுல நானும் எங்க அவரும் மட்டும்தான். பால் குடிக்கிற புள்ள ஏது? பேரு மாறி வந்துருச்சோ?”

“இருங்கம்மா, பாத்துச் சொல்றன்” என்று படிவத்தைத் தேடி எடுத்தேன். அறுபத்தெட்டு, அறுபத்து மூன்று என இரண்டு வயதுகள். மற்றைய நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கணினியிலோ நான்கு பூச்சியங்கள். அந்த வீட்டில் நான்கு கைக்குழந்தைகள் இருப்பதாக என் சார்பு கருதியிருந்தது. அந்த ஒரு வீட்டில் மட்டுமா? ஆறு பேருக்குக் குறைந்த எல்லா வீடுகளிலும் நான் பிறவாத பிள்ளைகளைப் பெற்று வைத்திருந்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால் அதை நகைப்புக்குரிய கதையாகச் சொல்லிவிடலாம். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது ஒன்றன் ஓரத்தில், ஆறாம் கட்டத்துக்கு அப்பால், பென்சிலால் ஒரு பூச்சியம் எழுதப்பட்டிருக்கக் கண்டேன். பாட்டி, தாய், தந்தை, மூன்று பிள்ளைகள். ஏழாவதாகப் பிறந்து சில மாதமேயான ஒரு சிசு. கட்டம் இல்லாமையால் படிவத்தை நிரப்பியவர் ஓரத்தில் எழுதியிருந்தார். என் சார்பில் ஏழாவது உள்ளீட்டுக்கு இடம் இல்லாமையால் நான் அதைக் கணினியில் ஏற்றவே இல்லை. உள்ள பிள்ளைக்குப் பால் இல்லை. இல்லாத பிள்ளைகள் அனைவருக்கும் பால் வழங்கப்பட்டுவிட்டது. அந்த மூதாட்டி திருப்பித் தந்த பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி வகுப்பறைக்கு ஓடினேன். தாய் சீனி கலந்த வெந்நீரைக் கரண்டியாற் புகட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, “நேத்தே பேரு குடுத்தமே” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அபெல்சன், சுஸ்மன் ஆகியோரின் பாடநூலை எடுத்துப் பார்த்தேன். 1985இல் வெளிவந்து, 1996இல் திருத்திய பதிப்புக் கண்ட நூல் அது. அப்பதிப்பின் இரண்டாம் அதிகாரத்து இருபதாவது பயிற்சி, எத்தனை உள்ளீடுகளையும் ஏற்கும் சார்பை எழுதுவது பற்றியதே. முதலில் வரும் எண் ஒற்றையாயின் பின்வருவனவற்றுள் ஒற்றைகளையும், இரட்டையாயின் இரட்டைகளையும் பொறுக்கித் தரவேண்டும் என்பது கேள்வி. தவணை தொடங்கியபோது அதை எளிதென்று கருதிச் செய்யாது விட்டிருந்தேன்.

முறை எளியதுதான். சார்பை வரையறுக்கும்போது உள்ளீட்டுப் பெயர்களுக்கு இடையே ஒரு புள்ளி இடப்படுகின்றது. புள்ளிக்கு முன் உள்ள பெயர்கள் கட்டாயமானவை. புள்ளிக்குப் பின் உள்ள ஒரே பெயர், மிகுதியாக வரும் யாவற்றையும் ஒரு பட்டியலாகத் திரட்டி ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் வராவிடின் அது வெறும் பட்டியலாக இருக்கும். நிரற் சொற்களைத் தமிழாக்கி எழுதினால், (வரையறு (இளையவர் முதலாமவர் . ஏனையோர்) ...) என அமையும். இங்கு முதலாமவர் இருந்தே ஆகவேண்டும். ஏனையோர் எத்தனை பேராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆள் ஒருவரேனும் இல்லாத வீட்டில் யார் இளையவர் என்ற கேள்விக்கே இடமில்லை என்பதை அந்தப் புள்ளி நிற்கும் இடம் சொல்லிவிடுகின்றது. ஆறு கட்டங்கள் சொல்ல இயலாத செய்தி அது.

எனினும் அன்றிரவு நான் உடனே கரையேறிவிடவில்லை. பயிற்சிக்காக முதலில் கூட்டற் சார்பை எழுதிப் பார்த்தேன். எண்கள் ஒன்றும் இல்லையாயின் விடை பூச்சியம்; இருப்பின், முதலாவதையும் மீதியின் கூட்டுத்தொகையையும் கூட்டுக. தன்னைத் தானே அழைக்கும் இத்தகைய வரையறை சார்பு நிரலாக்கத்தில் அன்றாட வழக்கு. இயக்கினேன், நிரல் நிற்கவே இல்லை. கணினியின் நினைவகம் நிரம்பி அது தானாக ஓயும்வரை சுழன்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்தது. மீதி என்பது ஒரு பட்டியல். அதைச் சார்பிடம் மீண்டும் கொடுக்கும்போது நான் பல எண்களைக் கொடுக்கவில்லை. ஒரு பட்டியலைக் கொடுக்கின்றேன். அப்பட்டியல் வெறுமையாக இருந்தாலும் கொடுக்கப்பட்டது ஒரு பொருளே. வெறும் பையை ஒருவர் கையில் கொடுத்தால், அவர் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது; பை இருக்கின்றது. ஆகவே ‘எண்கள் ஒன்றும் இல்லை’ என்ற நிலை என்றும் வாராது. சார்பு தன்னை முடிவின்றி அழைத்துக்கொண்டே இருக்கும். பையை அவிழ்த்து உள்ளிருப்பவற்றைத் தனித்தனியே பரப்பிக் கொடுப்பதற்கென லிஸ்ப் குடும்ப மொழிகளில் ‘அப்ளை’ என்றொரு சார்பு உண்டு. அதை இடையில் வைத்ததும் எல்லாம் சரியாயிற்று.

ஒன்றும் கொடாமை வேறு, வெறுமையைக் கொடுத்தல் வேறு, பூச்சியத்தைக் கொடுத்தல் வேறு. இம்மூன்றையும் நான் ஒன்றாகக் குழப்பியிருந்தேன். எத்தனை உள்ளீடுகளையும் ஏற்கும் சார்பை வரையறுக்க முற்படுவோர் முதலில் விடையிறுக்க வேண்டிய வினா, நூறு உள்ளீடுகள் வந்தால் என் செய்வது என்பதன்று. ஒன்றுமே வராவிடின் என் செய்வது என்பதே. ஸ்கீமில் உள்ளீடு எதுவுமின்றிக் கூட்டற் குறியை மட்டும் அழைத்தால் விடை 0. பெருக்கற் குறியை மட்டும் அழைத்தால் விடை 1. மாணவர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆயின் வேறெதுவாயினும் பிழையாகிவிடும். எந்த எண்ணோடு கூட்டினாலும் அதை மாற்றாதது 0. எந்த எண்ணைப் பெருக்கினாலும் அதை மாற்றாதது 1. ‘யாவும் உண்மையா’ என்று வினவும் சார்புக்கு ஒன்றும் தராவிடின் உண்மை என்றும், ‘ஏதேனும் உண்மையா’ என்று வினவும் சார்புக்கு ஒன்றும் தராவிடின் பொய் என்றும் விடை வரும். மிகச் சிறியதைக் காணும் சார்புக்கோ அத்தகைய நடுநிலையான முழுவெண் கிடையாது. எந்த வயதோடு ஒப்பிட்டாலும் அதைச் சிறியதாக விட்டுக்கொடுக்கும் எண் முடிவிலி ஒன்றே. அதனால் ஸ்கீமின் சிறுமம் காணும் சார்பு உள்ளீடின்றி அழைக்கப்பட்டால் விடை தர மறுக்கின்றது. கூட்டலில் பிறர் காரியத்தில் தலையிடாத அதே பூச்சியம், சிறுமம் காண்பதில் எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னே வந்து நிற்கின்றது. அரிசிக் கணக்கில் என்னைக் காத்ததும் பால்மாக் கணக்கில் என்னைக் கவிழ்த்ததும் ஒரே எண்தான்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணத்தை இழுப்பது எங்கள் சங்கத்து வழக்கம் என்று நண்பர்கள் கேலி செய்யக்கூடும். ஆயினும் இங்கு நான் அதை வலிந்து இழுக்கவில்லை. எண்ணிக்கை வரையறை இல்லாத உள்ளீடுகளைக் கையாள்வதில் தமிழ் நெடுங்காலப் பயிற்சியுடையது. ‘தாயும் தந்தையும் மகனும் வந்தனர்’ என்பதில் உம் என்னும் இடைச்சொல் எண்ணும்மையாகின்றது. எத்தனை பெயரையும் அதனால் அடுக்கலாம். ஆயின் ஒவ்வொரு பெயருக்கும் அது திரும்பத் திரும்ப வரவேண்டும், நாம் எண்களுக்கிடையே கூட்டற் குறியை ஒவ்வொரு முறையும் இடுவதைப் போல. ‘தாய், தந்தை, மகன் ஆகியோர் வந்தனர்’ என்பது வேறு வகை. இங்குப் பெயர்கள் வெறுமனே அடுக்கப்படுகின்றன. ‘ஆகியோர்’ என்ற ஒரு சொல் அவற்றைத் திரட்டிப் பட்டியலை மூடிவிடுகின்றது. லிஸ்ப் மொழியின் அடைப்புக்குறி செய்யும் வேலை ஏறத்தாழ இதுவே. அங்கு வினை முன்னே நிற்கும், இங்குப் பின்னே நிற்கும், அவ்வளவே வேறுபாடு. சேர சோழ பாண்டியர் என்னும் உம்மைத்தொகையிலோ குறியே இல்லை. இறுதியில் நிற்கும் பலர்பால் விகுதி மட்டுமே முன்னுள்ளவர் பலர் என்பதைக் காட்டுகின்றது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. எண்ணும்மைக்கு உள்ளீடு ஒன்றே ஆயின் என்ன நிகழ்கின்றது? ‘தாயும் வந்தாள்’ என்றால் அது எண்ணுவதாகாது. வேறொருவர் முன்னர் வந்தார் என்ற பொருளை உணர்த்தி எச்சவும்மையாகிவிடுகின்றது. நன்னூல் உம்மைக்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் எண்ணும் எச்சமும் தனித்தனியானவை. உள்ளீட்டின் தொகை குறைந்தவுடன் ஒன்று மற்றொன்றாகத் தோன்றுகின்றது. ஸ்கீமில் கழித்தற் குறிக்கு இரண்டு எண்களைக் கொடுத்தால் கழிக்கும். ஐந்து என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் கழிப்பதற்கு வேறெதுவும் இன்மையால் மறை ஐந்தைத் தரும். தொகை மாறப் பொருளும் மாறுகின்றது. இத்தகைய இரட்டைப் பொருளை மொழி வல்லுநர் சிலர் குறையென்பர். பேச்சில் அது நமக்கு இடர் தருவதில்லை. நிரலில் அவ்வப்போது தருகின்றது. ஒரு பட்டியலைப் பரப்பிக் கழித்தற் சார்பிடம் கொடுக்கும்போது, அப்பட்டியலில் தற்செயலாக ஒரே எண் எஞ்சியிருந்தால், எச்சரிக்கை எதுவுமின்றிக் குறி மாறிய விடை வந்து நிற்கும்.

வெள்ளம் வடிந்து விரிவுரைகள் மீளத் தொடங்கியபின் இந்த அனுபவத்தை வகுப்பில் சொன்னேன். அப்பொழுது நாங்கள் ஹாஸ்கெல் மொழிக்கு வந்திருந்தோம். 1990இல் உருவான அம்மொழி ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்கத் தருக்கவியலாளரின் பெயரைத் தாங்கியது. அதில் எல்லாச் சார்பும் ஒரேயொரு உள்ளீட்டையே ஏற்கும். இரண்டு எண்களைக் கூட்டும் சார்புக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால், மற்றோர் எண்ணை எதிர்பார்த்து நிற்கும் புதிய சார்பொன்று விடையாக வரும். இக்கருத்தை மோசஸ் ஷோன்ஃபிங்கெல் 1920இல் கோட்டிங்கனில் உரையாக நிகழ்த்தினார். 1924இல் அது கட்டுரையாக வெளிவந்தது. ஆயினும் பெயர் பின்வந்த கறிக்கே வாய்த்தது. கறியாக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வகுப்பின் பின்வரிசை மதிய உணவை நினைத்துக்கொண்டது வேறு கதை.

ஓர் உள்ளீட்டோடு நின்று மற்றதற்குக் காத்திருக்கும் சார்பை எங்கள் விரிவுரையாளர் வினையெச்சத்தோடு ஒப்பிட்டார். ‘வந்து’ என்றால் வாக்கியம் முடியவில்லை. வினைமுற்று ஒன்று வரும்வரை காத்திருக்கின்றது. அழகிய ஒப்புமை. ஆயின் என் ஐயம் அங்குதான் எழுந்தது. “சேர், எத்தனை எண் வருமெண்டு தெரியாத சார்பு எப்ப எச்சம், எப்ப முற்று? ஒண்டு, ரெண்டு எண்டு ரெண்டு எண்ணைக் குடுத்து நிப்பாட்டினா, அது மூண்டு எண்ட விடையா, இல்லாட்டி இன்னுமொரு எண்ணுக்குக் காத்திருக்கிற சார்பா?” என்று கேட்டேன். “நல்ல கேள்வி. அதை அந்தச் சார்பு தன்பாட்டில தீர்மானிக்க ஏலாது. அடுத்து என்ன வருது எண்டதுதான் தீர்மானிக்கும்” என்றார் அவர்.

ஹாஸ்கெலில் அவ்வாறே செய்கின்றனர். ஒரே பெயருக்கு வகைகளைப் பொறுத்து வெவ்வேறு வரையறைகளைத் தரும் வசதி அம்மொழியில் உண்டு. சூழல் ஓர் எண்ணை எதிர்பார்த்தால் சார்பு எண்ணாக முடியும். மேலும் ஓர் உள்ளீடு அருகே நின்றால் சார்பாகவே தொடரும். இதைக் கேட்டபோது எனக்குச் செய்யும் என்னும் வாய்பாடு நினைவுக்கு வந்தது. ‘குதிரை உண்ணும்’ என்புழி அது முற்று. ‘உண்ணும் குதிரை’ என்புழி அதுவே பெயரெச்சம். சொல் மாறவில்லை, பக்கத்தில் நிற்பது மாறியது. அம்மொழியின் அச்சிடும் சார்பு இத்தந்திரத்தாலேயே எத்தனை உள்ளீடுகளையும் ஏற்கின்றது. ஆனால் அச்சுக் கோலத்தில் மூன்று இடங்களைக் குறித்துவிட்டு இரண்டு பொருள்களைக் கொடுத்தால், வகைகளைச் சரிபார்ப்பதில் பெயர்பெற்ற அம்மொழியும் நிரல் ஓடும்வரை அதை அறிவதில்லை. டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக்கழகத்திலிருந்த ஒலிவியே டான்வி 1998இல் இதற்கு வேறு வழி காட்டினார். அச்சுக் கோலத்தை வெறும் எழுத்துச் சரமாக எழுதாமல் சிறு சிறு சார்புகளின் கோவையாக எழுதினால், எத்தனை உள்ளீடுகள் தேவை என்பது அக்கோவையின் வகையிலிருந்தே பெறப்படும். குறைந்தாலும் கூடினாலும் நிரல் இயங்கத் தொடங்குமுன்னரே பிடிபடும். அழகு மிக்க தீர்வு அது. மூன்று முறை வாசித்தபின்னரே எனக்கு விளங்கிற்று என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

எர்லாங் மொழியார் வேறு வழி சென்றனர். அங்குப் பெயரும் தொகையும் சேர்ந்ததே சார்பின் அடையாளம். இரண்டு உள்ளீடுகளுக்குரிய கூட்டும் மூன்று உள்ளீடுகளுக்குரிய கூட்டும் பெயரால் ஒன்றாயினும் இரு வேறு சார்புகள். பலவாய் வருவன உண்டேல் பட்டியலாகக் கட்டி ஒன்றாகக் கொடுத்துவிட வேண்டும். சார்பு நிரலாக்கத்துக்குப் புறம்பான சி மொழியிலோ, மிகுதி உள்ளீடுகள் எத்தனை வந்தன என்பதைச் சார்பு தானாக அறிய வழியே இல்லை. அச்சுக் கோலம் எத்தனை என்று சொல்கின்றதோ அத்தனை உண்டென்று நம்பி நினைவகத்தைத் துழாவும். அந்நம்பிக்கையைத் துர்ப்பயன் செய்து பிறர் கணினிக்குள் நுழையலாம் என்பது 2000ஆம் ஆண்டளவில் பரவலாக வெளிப்பட்டுப் பெருந்தலையிடியாயிற்று. அதை வாசித்தபோது என் படிவங்களை நினைத்துக்கொண்டேன். ஆறு என்று தாள் சொன்னது. ஆறு என்று நானும் நம்பினேன்.

இன்று நான் கற்பிக்கும் இடத்தில் மாணவர் இக்கேள்வியோடு வரும்போது, ஹாஸ்கெலில் எழுதுவதாயின் வித்தைகளை விடுத்துப் பட்டியலை உள்ளீடாகக் கொள்ளும் சார்பையே எழுதுங்கள் என்கின்றேன். வகைகளைக் கொண்டு செய்யும் அந்தத் தந்திரம் பரீட்சைக்கு நன்று. ஆறு மாதங்கழித்து அதே நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு நன்றன்று. லிஸ்ப் மரபில் எழுதுவதாயின் புள்ளியை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். ஆயின் கட்டாயமானவற்றைப் புள்ளிக்கு முன் நிறுத்துங்கள் என்பேன். இதில் என் சக விரிவுரையாளர் சிலருக்கு உடன்பாடில்லை. எத்தனையும் ஏற்கும் சார்பு எதையும் ஏற்கும் சார்பாகிவிடும், அதனால் பிழைகள் ஒளிந்துகொள்ளும் என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை உண்டு. நான்கு வயதுகளைக் கொடுத்தபோது என் கணினி முறையிட்டது நினைவிருக்கும். அம்முறைப்பாட்டை எழுப்பியது அந்த இறுக்கமான ஆறுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது களனி கங்கை மீண்டும் பெருகிக் கொலன்னாவைக்குள் வந்தது. இம்முறையும் எங்கள் வீதி தப்பியது; கீழ் ஒழுங்கைகள் தப்பவில்லை. என் மாணவர் ஒருவர் நலன்புரி நிலையத்தில் பயன்படுத்தவெனத் தொலைபேசியில் இயங்கும் படிவமொன்றைச் செய்து, அதைக் காட்ட நனைந்த காற்சட்டையோடு வந்தார். கட்டங்கள் இல்லை. ‘மேலும் ஒருவரைச் சேர்’ என்று ஒரு பொத்தான்; அழுத்த அழுத்தப் புதிய வரி தோன்றும். ஏழு பேரைச் சேர்த்தேன், பதினொரு பேரைச் சேர்த்தேன், எல்லாவற்றையும் ஏற்றது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பின்னர் எல்லோரையும் நீக்கிவிட்டு, ஒருவரும் இல்லாமலே அனுப்பு என்பதை அழுத்தினேன். நன்றி என்று சொல்லி அதையும் ஏற்றுக்கொண்டது.

“தம்பி, இந்த வீட்டுக்கு என்ன குடுப்பீர்?” என்று கேட்டேன்.

அவர் பட்டியலைத் திறந்து பார்த்தார். அரிசி 0 என்றிருந்தது. அதன் பக்கத்தில், பால்மாவுக்கு உரிய இடத்தில், ஆம் என்றிருந்தது.

“சேர், அரை மணித்தியாலம் தாங்கோ” என்று சொல்லி அவர் அங்கேயே, எங்கள் மாடிப்படியில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.